மணிக்கூண்டு ஏணிக்கு வெள்ளிப் பெயின்ற்

பேசாலை,
9 ஆடி 1982

அன்புள்ள அத்தானுக்கு,

அந்த டுபாய் வெயிலில் ஆண்டவர் உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும். மாமாவின் கால் எலும்பு பொருந்தி வருவதாக மன்னார் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பிள்ளைகளும் நானும் சுகம். சுகம் என்று எழுதினாலும் எனக்கு வயிறு எரிகிறது.

கோயில் மணிக்கூண்டு ஏணியில் இருந்து மாமா விழுந்ததை, அது ஆண்டவர் சித்தம், தம்பியைக் கோபிக்காதே என்று எழுதியிருந்தீர்கள். வாசிக்கவே அருவருப்பாக இருந்தது. ஆண்டவரா அந்த ஏணிக்குப் பெயின்ற் அடித்தார்? உங்கள் தம்பி வலன்ரைன் அல்லவா அடித்தது!

எப்படி அடித்தார் தெரியுமா? வள்ளம் கழுவுகிற மாதிரிக் கடல் மண்ணைப் போட்டு உரஞ்சி, கடல் தண்ணீரை ஊற்றி, அது காயமுன்னமே வெள்ளிப் பெயின்றைப் பூசினார். உப்புப் பட்ட இரும்பு கறள் பிடித்துத் துருவேறாமல் சும்மா இருக்குமா? ஒரு மாரி கழியமுன் பெயின்ற் கொப்பளித்தது. ஒரு படியை விரலால் அமத்திப் பார்த்தேன். புண்ணில் இருந்து வடிகிற மாதிரி மண்ணிறத் தண்ணீர் வந்தது. சீ! அதைச் சொன்னதற்கு, பெயின்ற் அடிச்சால் கறள் செத்துப்போம், உங்களுக்கென்ன தெரியும் மச்சாள் என்று சிரித்தார். அந்தப் படிதான் மாமாவின் காலுக்குக் கீழே முறிந்தது.

இப்போது திருநாளுக்கு ஏணி பளபளக்க வேண்டுமாம். முறிந்த படிக்கு ஒரு கம்பியை ஒட்டிவிட்டு, மற்றக் கறளுக்கு மேலால் திரும்பவும் அதே பெயின்றைப் பூசியிருக்கிறார். கோயில் சபைக்காரர், வடிவாய் இருக்குது என்று மெச்சுகிறார்கள். எனக்குக் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது.

நீங்கள் அங்கே கப்பல்களுக்குச் செய்கிற வேலையை அவருக்கு எழுதுங்கள். சுத்தியலால் தட்டிப் பொருக்கை உதிர்த்து, கம்பி பிறஷால் இரும்பு வெளுக்கும்வரை தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, காய்ந்த கையோடு சிவப்புப் பூச்சு அடித்த பிறகுதான் பெயின்ற் என்று எழுதுங்கள். அரித்துப்போன படிகளை வெட்டி எறியச் சொல்லுங்கள். நான் சொன்னால் கேட்கமாட்டார். அண்ணன் சொன்னால் கேட்பார்.

மாமாவுக்குப் பதிலாக இனித் தானே ஏறி மணி அடிப்பதாக நேர்ந்திருக்கிறார். கீழே நின்று இழுக்கிற மணிக்கயிறு அறுந்தது அறுந்தபடிதான், ஒவ்வொரு விடியலும் உச்சிவரை ஏறுகிறார். அந்த மனிதனின் முகத்தில் முழிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் மணி அடித்து ஓய்ந்து, அவர் இறங்கி வீதிக்கு வருவது தெரியும்வரை குசினி வாசலில் நின்று அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அடுப்பு அணைந்துபோவதும் தெரிவதில்லை. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதைக் கண்டவுடன் அவருக்கு எழுதுங்கள்.

உங்கள்
அன்ரோனெற்