கட்டாமல் விட்ட படல்

அன்புள்ள ராஜு மச்சானுக்கு,

நீ போய்ப் பதினேழு நாள் ஆகிறது. இங்கே தாமுவேயில் காலையிலிருந்து கரண்ட் இல்லை. கடையைத் திறக்க மனம் வராமல் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தபோது சொல்லாததை இப்போது ஊர் கேட்க எழுதுகிறேன். உனக்குச் சிரிப்பு வந்தால் சிரி.

நேற்று உன் காரியத்துக்கு உங்கள் ஊர் கியாக்தானுக்கு வந்திருந்தேன். உளுந்து வயல்கார பர்மிய அம்மா டோ மியா பந்தியில் உட்கார்ந்து அழுதார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நம் கமலாவிடம் சொன்னார்: "கோ ராஜு தங்கமான மனுஷன். ஒரே ஒரு வாட்டிதான் படலக் கட்டாம வுட்டுட்டாரு." என் தங்கச்சியும், "ஆமாங்க, அன்னிக்கு அவரு மேலதான் தப்பு" என்றாள். நான் சாம்பார் வாளியோடு பக்கத்தில்தான் நின்றேன். அடுத்த இலைக்குப் போய்விட்டேன்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியவேண்டும். நெல் அறுத்து உளுந்து விதைத்ததும் அந்தப் பக்கம் காட்டுப்பன்றி இறங்கும். குதிரைக்காரர்கள் நான்கைந்து பேர் நாய்களை அவிழ்த்துவிட்டுப் பின்னால் விரட்டிப் போவார்கள். குதிரை இல்லாத நாம் கம்போடு ஓட்டமும் நடையுமாகத் தொடர்வோம். வேலித் திறப்புகளை அடைக்கும் மூங்கில் படல்களை முன்னால் போகிறவர்கள் திறந்துகொண்டே போகலாம். கடைசியில் வருகிறவன் கட்டிவிட்டு வரவேண்டும், இல்லையென்றால் எருமை புகுந்துவிடும்.

உனக்கு இடது கால் இழுக்கும். அதனால் எப்போதும் நீதான் கடைசி. பன்றியை மடக்குவதை நீ ஒரு தடவைகூடக் கண்ணால் பார்த்ததில்லை. நீ போய்ச் சேரும்போது நாய்கள் நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்திருக்கும்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் விருந்துக்கு வந்திருந்த அன்று, ஓடைப் பக்கம் நாய்கள் மொத்தமாகக் குரைத்தன. வெகு கிட்டத்தில். உன் நாய் கறுப்பன் குரலும் கேட்டது. உன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"மச்சான், நீ போ. இன்னிக்கு நான் கட்டுறேன்."

"நெசமாவா? கயித்த இறுக்கிக் கட்டணும்டா!" என்று சொல்லிக்கொண்டே ஓடினாய். நீ ஓடி நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

படலைத் தூக்கி நிறுத்தினேன். அதற்குள் ஓடையில் ஒரே கூச்சல். எனக்கும் ஆசை. திரும்பி வரும்போது கட்டிக்கொள்ளலாம் என்று சும்மா சாய்த்து வைத்துவிட்டுக் குறுக்கு வரப்பில் ஓடிவிட்டேன். பன்றி தண்ணீரில் குதித்துத் தப்பிவிட்டது. உனக்கு அதையும் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. திரும்பும்போது வேறு வழியாக வந்தோம். படல் என் நினைவில் இல்லவே இல்லை.

மறுநாள் காலையில் டோ மியாவின் வயல் முழுக்க எருமைக் காலடி. புருஷன் இல்லாத அவருக்கு அந்த வருஷத்துக்கு இருந்ததே அந்த உளுந்துதான். குதிரைக்காரர்கள் உன் வாசலுக்கு வந்து, "கடைசியா வந்தது யாரு?" என்று கேட்டுவிட்டு உன் காலைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய். கொஞ்ச நேரம் பார்த்தாய். பிறகு, "நாந்தான். மறந்துட்டேன்" என்றாய்.

ஏன் மச்சான்? பெண்டாட்டியின் அண்ணன், விருந்துக்கு வந்தவன், உன் ஊரில் தலைகுனியக் கூடாது என்றா? நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? நான் மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் அவர்கள் உன்னை வேட்டைக்குக் கூப்பிடவில்லை. நாய்கள் தெருவில் போகும்போது கறுப்பனைக் கட்டிப்போட்டுவிட்டு நீ கதவைச் சாத்திக்கொள்வாயாம். எட்டு வருஷம். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்தேன். நல்ல கறியாகப் பார்த்து என் இலையில் வைத்தாய். ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உன்னோடு சண்டை பிடித்தாவது தப்பித்திருப்பேன். நான் கோழை மச்சான்.

இப்போது அங்கே வேட்டை இல்லை. குதிரைகள் போய்விட்டன, இளவட்டங்களில் பாதிப் பேர் தாய்லாந்தில். கறுப்பனுக்குக் கண் மங்கிவிட்டது. நேற்று பந்தியில் நுழைந்து ஒவ்வொருவர் காலாக முகர்ந்து பார்த்தான். என் காலையும் முகர்ந்துவிட்டு நகர்ந்து போனான்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கமலாவையும் டோ மியாவையும் உட்கார வைத்து இந்தக் கடிதத்தை வாய்விட்டுப் படிப்பேன். அதற்குப் பிறகு அவள் என்னை அண்ணன் என்று கூப்பிடாமல் போகலாம். போகட்டும். நீ முன்னால் போ மச்சான். இந்தத் தடவை கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுத்தான் வருவேன்.

கமலா சம்மதித்தால் இன்னமும் உன் மச்சான்,
குமார்