பென்சில் கோட்டை மறைக்கிறது என்று கழற்றிய மூடி

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து மழை. பலாபத்வல பஸ் லேட். தச்சுப் பட்டறைக்குள்ளும் ஒழுக்கு, மரத்தூள் எல்லாம் சேறு.

துளை மெஷினில் சுழன்று துளைக்கும் ஊசிக்கு, அந்தப் பிட்டுக்கு, மூடி இல்லை. கதவு ஓர்டர் வந்ததும் முதலாளி கழற்றி சுவர்த் தட்டு ராக்கையில் போட்டுவிட்டார். பென்சில் கோட்டை மறைக்கிறதாம். இன்று என்னோடு வேலை செய்யும் சிவா அண்ணனின் சட்டைக் கை அதில் சிக்கிக் கிழிந்தது. நல்ல காலம், சட்டையோடு போனது.

மூடியைப் போடச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன்.

"போட்டா வேலை சுணங்கும்டா. இது நேரம் சரியில்லாத கோளாறு. நாளைக்கு எல்லாருக்கும் பிரித் நூல் கட்டிருவோம்."

வாங்க: சவர்க்காரம், தேயிலை, பிள்ளைக்கு இருமல் மருந்து.

நவ. 4, செவ்வாய்

முதலாளி பன்சலையில் பிக்கு ஓதிக் கொடுத்த காப்பு நூலோடு வந்தார். எல்லாருக்கும் வலது கையில் அவரே கட்டினார். சேர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்று என்னையும் விடவில்லை. அக்கறையாகத்தான் கட்டினார், அதையும் சொல்ல வேண்டும்.

சிவா அண்ணனுக்கு முனை நீளமாகத் தொங்கியது.

"அண்ணே, அதையாவது வெட்டிருங்க. பிட்டு இழுத்துரும்."

"ஓதின நூல வெட்டுவாங்களா? தானா அறுந்து விழணும்."

நான் என்னுடையதைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். சிவா அண்ணனுக்குக் கோபம், டீ குடிக்கவும் கூப்பிடவில்லை.

அண்ணன் உக்குவளையில் வீடு கட்டுகிறார். முன் கதவை அவரே செய்கிறார். பூட்டுத் துளை மட்டும் பாக்கி.

நவ. 6, வியாழன்

நேற்று. சிவா அண்ணன் தன் கதவுக்குத்தான் துளை போட்டார். சீவல் தட்டும் பிரஷ்ஷைக் காணோம், சுழலும்போதே சீவலைக் கையால் தள்ளினார். நூல் சுற்றியது. பிறகு கை. சுவிட்ச் பின் சுவரில். நான் ஓடி அணைக்கும் வரை அந்த நூல் அறவில்லை.

மாத்தளை ஆஸ்பத்திரி, அங்கிருந்து கண்டி. மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

"கதவு நனையாம மூடி வை" என்றார் அண்ணன் என்னிடம். வெளியே வந்து அழுதேன்.

நவ. 7, வெள்ளி

மழை இல்லை.

முதலாளி: "நூல் இருந்ததாலதான்டா உயிராவது தப்பிச்சது."

அடுத்த மூச்சிலேயே:

"ஓர்டர் நிக்குது. நீ மெஷின்ல நில்லு."

ராக்கையிலிருந்து மூடியை எடுத்தேன். துரு. ஸ்குரூ ஆணிகளும் பக்கத்திலேயே கிடந்தன. மாட்டினேன். அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பலகையை வைத்துக் கொஞ்சம் குனிந்தேன்.

கோடு தெரிகிறது.