உன் ஜன்னலோரச் செடியில் ஒரு புதிய சிலந்திப்பேன்

என் செல்லத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம், நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இருமல் நின்றதா? உன் போர்வையை அப்பாதான் போர்த்திக்கொள்கிறார், கேட்டால் இல்லை என்கிறார்.

செடியின் இலைகளை உறையில் போட்டு அனுப்பி, புள்ளி புள்ளியாக வெளுக்கிறது, என்ன மருந்து என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம், ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து அங்கேயே மாட்டிக்கொண்டேன். இலைக்கடியில் நூலாம்படைக்குள் சிலந்திப்பேன்கள். தலையில் வருகிற பேன் இல்லை, சிலந்திக்குச் சொந்தம், எட்டுக் கால், கடுகைவிடப் பல மடங்கு சிறிசு. கடிக்காது, பயப்படாதே, எதற்கும் இருக்கட்டும் என்று என் கையில் விட்டும் பார்த்துவிட்டேன். பெண் பேன்களின் முதுகு மயிர் வரிசை நான் புரட்டிய எந்தப் புத்தகத்தோடும் பொருந்தவில்லை. ஆனால் ஆண் பேனின் உறுப்பு எப்படி வளைகிறது என்று பக்கவாட்டில் பார்த்தால்தான் இது இன்ன இனம் என்று சொல்ல முடியும். அம்மா இதையெல்லாமா எழுதுவாள் என்று சிரிக்காதே, இதுதான் நமக்குச் சோறு போடுகிறது. உறையில் இருந்த ஒரே ஆணை அவசரத்தில் கண்ணாடித் துண்டின் மேல் பசைத் துளியில் குப்புறப் படுக்கவைத்து, இன்னொரு கண்ணாடியால் மூடிவிட்டேன். எங்கள் பிரிவுத் தலைவர், நீ பூதக்கண்ணாடி மாமா என்பாயே, அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஏம்மா, இவனைப் பல்லி மாதிரி ஒட்டவச்சிட்டு யாருன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல என்று தலையில் அடித்துக்கொண்டார். பசை காய்வதற்குள் மேல் கண்ணாடியை ஊசியால் மெல்ல நகர்த்தினேன், நல்லவேளை, உருண்டு ஒருக்களித்துக்கொண்டது. உறுப்பின் நுனி கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்திருக்கிறது, இதன் நெருங்கிய சொந்தங்களுக்கெல்லாம் கீழ்நோக்கி. அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. புதுசுதான்னு தோணுது, ஆனா ஒத்தை ஆம்பளைய வச்சு ஊருக்குச் சொல்ல முடியாதும்மா, இன்னும் வேணும் என்றார். உன் பெயரையே வைத்துவிடலாமாம். எனக்குப் பகீரென்றது, நாளைக்கு யார் தோட்டத்திலாவது இது பரவினால் உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டல்லவா மருந்தடிப்பார்கள்!

மருந்தடித்தால் ஆண் கிடைக்காது, அடிக்காவிட்டால் செடி போய்விடும். அப்பா, பொண்ணு செடிக்கு மருந்து கேட்டா நீ பூச்சிக்குப் பேரு தேடுறியே என்கிறார். நீ தனியாகத் தங்கியிருக்கும் அறையில் உனக்கு ஒரே துணை அந்தச் செடிதான் என்று நீ எழுதியதை நான் மறக்கவில்லை. அதனால் முதலில் நூலாம்படை படாத தளிர் ஒன்றைக் கிள்ளி, அடியும் மேலும் நன்றாகக் கழுவி, குவளைத் தண்ணீரில் செடிக்கு எட்டாத தூரத்தில் வை, அது வேர்விட்டுப் புதுச் செடியாகும். பிறகு மற்ற இலைகளை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் போட்டு அனுப்பு, அதில் ஆண்களைத் தேடிக்கொள்கிறேன். அப்படி ஒரு தளிரும் மிஞ்சவில்லை என்றால் யோசிக்காதே, சோப்புத் தண்ணீரை அடித்துவிடு. மாமாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

எது செய்தாலும் ஒரு வரி எழுது. இருமலுக்கு வெந்நீர் குடி. நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா