போர்டுல நம்பர் விழுறதுக்கு முன்னால

ஜூலை 7, திங்கள்

மழை. ராத்திரி பூரா தகரத்துல கொட்டு. விடிஞ்ச பிறகும் விடல. தண்ணி கீழ் வாசப்படி வரைக்கும்தான், மேல எங்க கோலிக்கு, இந்த ஒத்தை ரூமுக்கு, பயமில்ல.

சம்பந்தி போன். வியாழக்கிழமை இங்க வந்துருவாராம். ஞாயித்துக்கிழமை ஊர் வண்டிக்கு டிக்கெட் எடுத்தாச்சாம், அவருக்கும் மருமக சுபாவுக்கும். சுபாவுக்குக் கீழ் படுக்கை. ஏழு மாசம் தாண்டிட்டா பிள்ளய வண்டியில ஏத்த முடியாதுல்லா தங்கச்சின்னாரு. வாஸ்தவம்தான். தலைப்பிரசவம் தாய் வீட்டுல. சரி அண்ணாச்சின்னு சொன்னேன். வேற என்ன சொல்ல.

சுபா திரும்பி வாரதுக்கு டிக்கெட் இப்பவே எடுக்க முடியாதுன்னு எனக்கும் தெரியும். இருந்தாலும் மனசு அதையே சுத்துது.

பக்கத்து கோலி மும்தாஜ், கடையநல்லூர்க்காரி, மீன் கழுவிக்கிட்டே சொன்னா, வயசு இருவத்திரண்டுதானக்கா, அவுக வீட்டுல வேற யோசனை வரத்தான செய்யும், பிள்ளயப் பெத்து அங்கனயேன்னு. என் மூஞ்சியப் பாத்துட்டு மீதிய முழுங்கிட்டா.

என் மகன் கணேசன் போயி நாலு மாசம். காமாலை. ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பிள்ளை. வயித்துல இருக்குன்னு சுபா சொல்லி ரெண்டு மாசம்கூட அவன் இருக்கல. இந்த டைரி அவன் வேலை பாத்த பேக் பட்டறையில குடுத்தது. பால் கணக்கு எழுதும்மான்னு தந்தான்.

உளுந்து வாங்கணும். கேஸ் புக் பண்ணணும்.

ஜூலை 8, செவ்வாய்

மழை விட்டு விட்டு. செம்பூர்ல சமையல் வேலைக்கு லேட். நான் போறதுக்குள்ள அந்த வீட்டு மாமி தானே காப்பி போட்டாச்சு.

இன்னைக்கு பூரா ஒரே யோசனை. பிளாட்பாரம்.

டெர்மினஸ்ல ஊர் வண்டி எந்த பிளாட்பாரம்னு கடைசி நேரம்தான் போர்டுல விழும். விழுந்ததும் கூட்டம் மூட்டை முடிச்சோட ஓடும். சுபாவுக்கு எஸ் ரெண்டு பெட்டி. அது அந்தக் கோடியில கெடக்கும். இவளுக்குக் கால் வேற வீங்கியிருக்கு. அந்த ஓட்டத்துல எப்படி நடப்பா. முன்னாலயே தெரிஞ்சா பைய நடத்திக் கூட்டிட்டுப் போயிரலாம்.

கணேசனுக்குத் தெரியும். பட்டறை பேக் பொதியெல்லாம் பார்சல்ல போட அவன்தான் டெர்மினஸ் போவான். சந்துல யாரு ஊருக்குப் போனாலும் ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு அவனுக்குப் போன் போடுவாவ. தம்பி எத்தனாம் நம்பருப்பான்னு. அவன் யாருக்கோ போன் பண்ணிக் கேட்டுட்டு, சோறு தின்னுக்கிட்டே சொல்லுவான், மூணாம் நம்பரு, ஜன்னலுக்குச் சண்டை போடாம ஏறுங்கன்னு. ரிசர்வேஷன் இல்லாம பொது டப்பாவுல போறவங்களுக்கு அது பெரிய காரியம். மொத ஆளாப் போய் நிக்கலாம், துண்டு போட்டு எடம் பிடிக்கலாம்.

எப்படிடா தெரியுதுன்னு நான் ஒரு நாளும் கேக்கல. பிள்ளைக்குத் தெரியுது, நமக்கு எதுக்குன்னு இருந்துட்டேன்.

மாமி மகன் போன்ல பாத்தாரு. ரெண்டுன்னு காட்டுது, ஆனா நம்பாதீங்க, மாறும்னாரு. மும்தாஜ்கிட்ட கேட்டா, ஒனக்குத் தெரியாதா, அவன் ஒன்கிட்ட சொல்லிருப்பான்லாங்கா. சந்துல எல்லாரும் அப்படித்தான் நெனச்சிருக்காவ போல.

ஜூலை 9, புதன்

இன்னைக்கும் அந்த வண்டி உண்டு. செம்பூர்ல சோலிய முடிச்சுட்டு டெர்மினஸ் போனேன். சும்மா பாப்போம்னு. சுபாகிட்ட ரேஷன் கடைன்னு சொல்லியிருந்தேன்.

பிளாட்பாரம் டிக்கெட். ஈரம். எல்லாரும் தரையில பேப்பர் விரிச்சு உக்காந்து அண்ணாந்து போர்டையே பாக்காவ.

நான் போர்டைப் பாக்கல. பொதி போற பிளாட்பாரத்துலதான வண்டியும் வரும்னு, பொதி எங்க போகுதுன்னு பாத்தேன். தள்ளுவண்டியில சாக்குப் பொதி, மேல கறுப்பு மையில தமிழ் எழுத்து. நம்ம சந்துல கட்டுற கட்டு மாதிரியே, அதே நீலக் கயிறு. மூணாம் பிளாட்பாரத்துக்குப் போச்சு. வயித்துல பால் வார்த்த மாதிரி இருந்துச்சு. பின்னாலயே போய் நின்னேன். தெரிஞ்சுக்கிட்டோம்டான்னு ஒரு சந்தோசம். நாலு மாசத்துல அப்படி ஒண்ணு வரல.

ஊர் வண்டி ஒண்ணாம் நம்பர்ல வந்துச்சு.

மூணுல நின்ன பொதியெல்லாம் கோயம்புத்தூர் வண்டிக்கு. நம்ம எழுத்தப் பாத்ததும் நம்ம வண்டின்னு நெனச்சுட்டேன். தமிழ் எழுத்து போற ஊர் எத்தனையோ. சுபாவ வச்சுக்கிட்டு இப்படி நின்னிருந்தா?

அப்பதான் ஒரு கூலிக்காரரு, சிவப்புச் சட்டை, என்னையே உத்துப் பாத்தாரு. பாண்டு. போன பொங்கலுக்குக் கணேசன் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த மராட்டிக்காரரு. சக்கரைப் பொங்கல் ரெண்டு தடவை வாங்கித் தின்னாரு. கணேசன் போன் பண்ணிக் கேக்குறது இவர்கிட்டதான் போல. யார்டுல வண்டி கெளம்பும்போதே இவங்களுக்குச் சேதி வந்துருமாம்.

மவுசி, கணேஷ் கிதர்னு கேட்டாரு. சித்தி, கணேசன் எங்கன்னு. போனே எடுக்க மாட்டேங்கானாம்.

பட்டறைக்காரர் இப்ப பொதிய லாரியில போடுதாரு. அங்கருந்து இங்க யாரும் வாரதில்ல, இவருக்குச் சேதி தெரியல.

எனக்கு ஹிந்தி கடை கண்ணிக்கு மட்டும்தான் வரும். செத்துட்டான்னு சொல்ல எனக்கு வார்த்தை தெரியும். வாயில வரல. காவ் கயான்னு வந்துட்டு. ஊருக்குப் போயிருக்கான்.

அச்சா அச்சான்னாரு. சிரிச்சாரு. ஞாயித்துக்கிழமை மருமக போறான்னு சொன்னேன். பார்சல் ஆபீஸ் பக்கம் வந்து நில்லு, நான் சொல்லுதேன்னாரு.

வீட்டுக்கு வந்து ரேஷன்ல என்ன குடுத்தான்னு சுபா கேட்டா. ஒண்ணும் குடுக்கலன்னேன்.

ஜூலை 10, வியாழன்

சம்பந்தி வந்தாச்சு. முழங்கால் வலி, படி ஏறப் பாடுபட்டாரு. முறுக்கு, பனங்கற்கண்டு, ஒரு டின் நல்லெண்ணெய். கணேசன் படத்து முன்னால கொஞ்ச நேரம் நின்னாரு. மகளைப் பாத்ததும் நல்லாருக்கியாட்டின்னு மட்டும்.

நல்ல மனுசன். அதான் கஷ்டமா இருக்கு. மோசமான ஆளா இருந்தா சண்டையாவது போடலாம்.

ராத்திரி சாப்பாட்டுல, அங்க ஆஸ்பத்திரி பக்கம்தான், பெரிய மக வீடும் அடுத்த தெரு, பிள்ளைக்கு ஒரு குறையும் வராதுன்னாரு. எப்ப கொண்டாந்து விடுவீயன்னு கேக்கணும்னு ரசம் ஊத்தினேன், மோர் ஊத்தினேன். கேக்கல.

ஜூலை 11, வெள்ளி

வெயில்கூட கொஞ்சம் அடிச்சது. துணி காஞ்சது.

முறைப்படி இப்ப வளைகாப்பு போட்டு, கட்டுச்சோறு கட்டி அனுப்பணும். இவளுக்கு எப்படிப் போட? பை வாங்க பஜாருக்குப் போனவ வளையல் கடை முன்னால நின்னுட்டேன். கடைக்காரன் யாருக்கு, என்ன அளவுன்னான். ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன்.

எடுத்து வைக்க:
ஸ்கேன் படம், டாக்டர் சீட்டு
இரும்பு மாத்திரை
ஆதார்
பழைய வேட்டி ரெண்டு (பிள்ளைக்கு, கணேசனுது, மெத்துனு இருக்கும்)
ஃபிளாஸ்க்
தலைகாணி சின்னது

வேட்டியத் துவைக்காம வச்சிருந்தேன். இன்னைக்குத் துவைச்சேன்.

ஜூலை 12, சனி

மாமி லீவு குடுத்தா. ஊறுகாய் ஒரு பாட்டில் குடுத்தா.

சமையல். புளிச்சோறு, எலுமிச்சம்பழச் சோறு, தேங்காச் சோறு, தயிர்ச் சோறு, சக்கரைப் பொங்கல். வண்டிக்குன்னு சொன்னேன். சுபா ஒவ்வொண்ணாத் தெறந்து பாத்தா. இவ்ளோ எதுக்கு அத்தேன்னு கேட்டவ பாதியில நிறுத்திட்டா. சம்பந்தி வாசல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. கட்டுச்சோறுன்னு யாரும் பேர் சொல்லல.

மும்தாஜ் வந்து சுபா தலையில கை வச்சு ஏதோ ஓதிட்டுப் போனா. போகும்போது, அங்க போய் குண்டாகி வராதட்டி, இந்தப் படியில ஏற முடியாதுன்னா. சுபா சிரிச்சா. வருவேன்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல.

ஜூலை 13, ஞாயிறு

ஒரே மழை. சயன் ரோட்டுல தண்ணி. டாக்சி சுத்திப் போச்சு. ஆனாலும் ரொம்ப முன்னாலயே போயிட்டோம்.

சுபாவுக்கு பெஞ்சுல எடம் கெடச்சது. பை மேல காலத் தூக்கி வைக்கச் சொன்னேன். சம்பந்தி தூணுல சாஞ்சு போர்டையே பாத்துக்கிட்டு. அவருக்கு ஹிந்தியும் தெரியாது, இங்கிலீசும் தெரியாது, வண்டி நம்பர மட்டும் கையில பேனாவால எழுதியிருந்தாரு. வாரவன் போறவன்கிட்ட எல்லாம் அதைக் காட்டுதாரு. இன்னும் விழல தங்கச்சி, இன்னும் விழலன்னு என்கிட்ட வேற.

பாத்ரூம் போயிட்டு வாரேன்னு பார்சல் ஆபீஸ் பக்கம் போனேன். பாண்டு நின்னாரு.

"சார் நம்பர், மவுசி." நாலு விரலைக் காட்டினாரு. வண்டி வெளிய நிக்கு, இப்பவே மெதுவாக் கூட்டிட்டுப் போ, எடம் காலியா இருக்குன்னாரு. பிறகு சொன்னாரு, "கணேஷ்கிட்ட சொல்லு, பாண்டு கோவமா இருக்கான்னு."

போல்தின்னேன். சொல்லுதேன்.

திரும்பி நடந்தேன். நாலு, நாலு, நாலுன்னு சொல்லிக்கிட்டே. மறந்துரக் கூடாதுன்னு. அவன் பெயர அந்த மனுசன் சாதாரணமாச் சொன்னது காதுலயே நின்னுட்டு. நாலு மாசமா அவன் பெயர யாரும் அப்படிச் சொல்லல. எல்லாரும் மெதுவாச் சொல்லுதாவ, இல்ல சொல்லாம விட்டுருதாவ.

பெஞ்சுகிட்ட வந்தேன். சுபா நகந்து எடம் விட்டா. எத்தனாம் நம்பர்னு தெரிஞ்சுதா அத்தேன்னா.

தெரியலட்டின்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்னு இப்ப எழுதும்போதும் தெரியல. இதுக்காகத்தான் அலஞ்சேன். ரேஷன்னு பொய், மழையில நடை, எல்லாம் இந்த ஒரு நம்பருக்கு. கையில கெடச்சதும், சொன்னா எந்திரிச்சிருவா, எந்திரிச்சா போயிருவான்னு இருந்துச்சு. கொஞ்சம் இருக்கட்டும். கொஞ்சம்தான.

அவ என் தோள்ல சாஞ்சா. கண்ண மூடிட்டா. தலையில தேங்காண்ணெய் வாசனை, காலையில நான்தான் தேச்சு விட்டேன். நான் அவ காலையே பாத்துக்கிட்டு இருந்தேன். சீலை ஓரம் ஈரமா இருந்துச்சு. இப்ப சொல்லிருவோம், இப்ப சொல்லிருவோம்னு நெனச்சேன். சொல்லல.

போர்டுல விழுந்துச்சு. நாலு. சம்பந்தி தங்கச்சீன்னு கத்தினாரு. அதுக்குள்ள கூட்டம் எந்திரிச்சு ஓடுது. தலையில டிரங்குப் பெட்டி, சாக்கு, அழுற பிள்ளைங்க. நான் சுபாவ சுவர் பக்கமா விட்டு முன்னால கைய விரிச்சுக்கிட்டு நடந்தேன். ஒருத்தன் பொதி என் விலாவுல இடிச்சது. இன்னொண்ணு அவ மேல வர, அவ ரெண்டு கையாலயும் வயித்தப் பொத்திக்கிட்டு நின்னுட்டா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. முருகா முருகான்னு நான். சம்பந்தி காலை இழுத்துக்கிட்டுப் பின்னால. எஸ் ரெண்டு வரவே மாட்டேங்கு.

ஒண்ணும் ஆகல. ஏறிட்டா. கீழ் படுக்கை. தண்ணி குடிச்சா. கணேசன் இருந்தா என்னைக் கொன்னுருப்பான்.

ஜன்னல் வழியா கையப் பிடிச்சுக்கிட்டா. சம்பந்தி கும்பிட்டாரு. நானும். சாப்பாட்டுப் பை கீழ இருக்கு, தயிர்ச் சோற மொதல்ல சாப்பிட்டுரு, புளிச்சோறு நாளைக்குத் தாங்கும்னு சொன்னேன். கடைசியாச் சொன்னது அதுதான். வண்டி நகந்துட்டு.

ஜூலை 14, திங்கள்

மழை இல்ல. வேலைக்குப் போகல. படுத்தே கெடந்தேன். விலாவுல வலி.

சோறு ஒருத்திக்கு வடிக்க அளவு தெரியல. மீந்துட்டு. மும்தாஜ் பூனைக்குப் போட்டேன்.

பாண்டுகிட்ட போய்ச் சொல்லணும். அந்த மனுசன் போன் போட்டுப் போட்டுக் கோவப்படுவாரு. சொல்லத்தான் வேணும்.

சொல்லப் போறதில்ல. அந்த ஒரு ஆள் மனசுலயாவது அவன் ஊர்ல இருக்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

சம்பந்தி போன். வீடு வந்து சேந்தாச்சு, பிள்ளை தூங்குதான்னாரு. நாளைக்கு டாக்டர்கிட்ட காட்டுவாவளாம். அந்த இடி ஏதும் பட்டிருக்குமோன்னு கேக்காமலே போன வச்சுட்டேன்.

செம்பூர் போனேன். பருப்பைத் தீய விட்டுட்டேன். மாமி தானே வேற வச்சா.

ஜூலை 16, புதன்

தூறல். விளக்கு வைக்கிற நேரம் சுபா போன் பண்ணினா. டாக்டர் பாத்தாச்சு, ஒண்ணும் பயமில்ல, பிள்ளை நல்லா உதைக்குன்னா. முருகா, ரெண்டு தேங்கா ஒடைக்கேன்னு வேண்டிக்கிட்டேன்.

புளிச்சோறு கெடாம வந்துச்சாம். அவுக அக்கா பிள்ளைங்க தின்னுட்டாவளாம்.

பிறகு கேட்டா.

"அத்தே, நாலாம் நம்பர்னு ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்லா?"

நான் விளக்குத் திரியத் தூண்டி விட்டேன்.

"எல்லாரும் போர்டையே பாத்துக்கிட்டு இருந்தாவ. நீங்க ஒரு தடவகூட நிமிரல."

கோவமாட்டின்னு கேட்டேன். 

"ஒங்க தோள்ல சாஞ்சப்ப நான் உறங்கவே இல்ல, அத்தே. எனக்கும் எந்திரிக்க மனசில்ல."

 அங்க அவுக அம்மா சாப்பிடக் கூப்பிடுத சத்தம். போன வைக்கட்டா அத்தேன்னா. எப்ப வருவன்னு நாக்கு நுனியில நின்னுச்சு. வையிட்டி, சோறு ஆறிரும்னேன்.

அவ வைக்கல. நானும் வைக்கல.