உன் காலை இன்னும் ஆட்டிக் காட்டுகிறார்கள்

என் செல்லத் தம்பி ரமணா,

நீ குணமாகிவிட்டாயாம். நான் சொல்லவில்லை, கைப்பேசியில் ஓடும் வீடியோ சொல்கிறது. கட்டிலில் கிடக்கும் உன் வலது கால் துள்ளுகிறது. பக்கத்தில் அம்மா கும்பிட்டபடி அழுகிறார். உனக்கு ஸ்டெம் செல் ஊசி ஏற்றியவர்களின் முகவர் விளம்பரத்துக்கு எடுத்தது. செத்த பிறகும் உன்னைச் சும்மா விடவில்லை.

கரடியனாற்று வயல் வட்டையில் உழவு மெசின் புரண்டு உன் முள்ளந்தண்டு நொறுங்கியபோது, இங்குள்ள டொக்டர் ஒளிக்காமல்தான் சொன்னார். "ஸ்டெம் செல் இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இப்ப படுக்கைப்புண் வராமப் பாருங்க, சில்லுக் கதிரையில உருட்டித் திரியப் பழக்குங்க." அவர் பேச்சை யார் கேட்டது? நீயும் அம்மாவும் கடல் கடந்து போய், உன் எலும்பு மச்சையிலிருந்து எடுத்த செல்களை முதுகில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள்.

வந்த கிழமையே கால் துள்ளியது. ஊசிக்கு முன்பும் அது தானாகத் துள்ளியதுதான். நரம்பு அறுந்தால் அப்படி வரும் என்று டொக்டர் சொல்லியும் இருந்தார். அம்மா தெருவுக்கே பொங்கிக் கொடுத்தார். இரவல் வாங்கிய சில்லுக் கதிரையைத் திருப்பி அனுப்பினார். "மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு நடந்து போகப்போற புள்ளைக்கு இது என்னத்துக்கு? வாசலில கிடந்தா அவசகுனம்." நீயும் சிரித்துக்கொண்டு தலையாட்டினாய். புரட்டிப் படுக்கவைக்க வந்தால், "விடக்கா, நானே எழும்புவன்" என்று என்னைத் துரத்தினாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லையடா. படுக்கைப்புண் எலும்புவரை போய், இரத்தத்தில் கிருமி ஏறி, தீர்த்தத்துக்கு முன்பே உன்னைக் கொண்டுபோய்விட்டது.

போன கிழமை ஏறாவூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் புருஷன் கட்டாரில் கட்டட வேலையில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் கிடக்கிறாராம்.

"வீடியோ பாத்தன், அக்கா. தம்பி நடந்தாரா?"

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டார். "ஓம் மகள், கால் வந்தது. அவன்ட விதி, காய்ச்சலில போயிட்டான்."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. உன்னைத் தின்றது போதாதா அந்த ஊசிக்காரர்களுக்கு? "இல்ல புள்ள, அவன் நடக்கவேயில்ல. புண்ணிலதான் செத்தவன்" என்றேன். அவள் என்னைத்தான் நம்பாமல் பார்த்தாள். அன்றிலிருந்து அம்மா என் கையால் தண்ணீர்கூட வாங்கிக் குடிப்பதில்லை.

பெற்றவளிடமிருந்து அந்த ஒற்றைத் துள்ளலையும் பிடுங்க எனக்கு என்ன உரிமை? தெரியவில்லை, தம்பி. ஆனாலும் இனி யார் வந்து கேட்டாலும் அம்மா முன்னாலேயே சொல்வேன்: நடப்பான் என்று நம்பித்தான் அவனைச் சாகவிட்டோம்.

உன்னை இடுப்பில் தூக்கித் திரிந்த
அக்கா