கொம்பில் குறைத்த இரண்டு விரற்கடை

ஜனவரி 7, செவ்வாய்

டீச்சர் என் கடையில் செய்யச் சொன்ன பேஸ் கிட்டாரை இன்று அவரிடம் கொடுத்தேன். ஐந்து தந்தி. முகப்பில் வால்நட் மரத்தின் முடிச்சுப் பலகை. வெளிச்சத்தில் திருப்பினால் மரத்துக்குள் புகை நகர்வதுபோல இருக்கும். தலைப்பகுதிக்கும் அதே பலகையைத் தடிமனாக ஒட்டச் சொன்னது நான். உடலின் மேல்கொம்பு துருத்திக்கொண்டிருக்கிறது, படத்தில் எடுபடாது என்று இரண்டு விரற்கடை குறைக்கச் சொன்னதும் நான்தான். கடைப் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் மைத்துனன் அப்போதே முனகினான். "மாமா, தோள்ல போடுற பட்டையை மாட்டுற குமிழ் அந்தக் கொம்பு நுனியிலதான் இருக்கு. கொம்பு குறைஞ்சா கிட்டார் கழுத்து கீழ சாயும்."

கேட்கவில்லை. வாங்க வருகிறவர்கள் கண்ணால்தான் வாங்குகிறார்கள். நடைபாதையில் துண்டு விரித்துத் தந்தி விற்ற காலத்திலிருந்து பார்க்கிறேன்.

சாய்ந்தது. தோளில் மாட்டிக் கையை விட்டால் கழுத்து தரையைப் பார்க்கிறது. டீச்சர் வருவதற்குள் வழவழப்பான பட்டையைக் கழற்றிவிட்டு, உள்பக்கம் சொரசொரப்பான அகலத் தோல்பட்டையை மாட்டினேன். சட்டையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது.

பள்ளியில் இசை சொல்லித்தருகிறவர். வார இறுதியில் மேடையில் வாசிக்கிறவர். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "அண்ணே, இதுக்கு நான் பொருத்தமா இருக்கேனா பாருங்க!"

கையை விட்டுப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

வியாபாரத்தில் இதெல்லாம் சகஜம். எழுதிப் பார்த்தால் உறுத்தல் போகுமா என்று எழுதுகிறேன். போகவில்லை.

பிப்ரவரி 1, சனி

டீச்சர் மேடைப் படம் அனுப்பியிருக்கிறார், கடை விளம்பரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி. பார்க்கிற எல்லோரும் மரத்தைப் பார்ப்பார்கள். நான் இடது கையைப் பார்த்தேன். வாசிக்கிற கை அப்படி இருக்காது. அது பாரம் தாங்குகிற கை. கட்டைவிரல் வெளுத்துக் கிடக்கிறது. மேடைக்கென்று பளபளக்கும் வழுக்குத் துணியில் சட்டை — அதை எந்தத் தோல்பட்டை கவ்வும்?

இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

படத்தைப் போட்டேன். அதே மாதிரி வேண்டுமென்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 22, சனி

டீச்சர் போன் செய்தார். "கிட்டார் தங்கம் அண்ணே. என் கைதான் தகராறு பண்ணுது. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகுது. வயசாகுது போல." சிரித்தார். நானும் சிரித்தேன்.

எப்படிச் சிரித்தேன்?

மார்ச் 6, வியாழன்

சாய்கிற கழுத்தை மணிக்கணக்கில் தூக்கிப் பிடித்தால் கைக்கு ஏதாவது ஆகுமா என்று மைத்துனனிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். உளியைக் கீழே வைத்தான்.

"யாருக்கு மாமா?"

"சும்மா கேட்டேன்டா."

"சும்மா கேக்குற மூஞ்சியா இது?"

வாசலில் யாரோ வந்த மாதிரி எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

டீச்சரின் கணவர் வந்தார், பழைய கிட்டாருக்குத் தந்தி வாங்க. நாளை மறுநாள் டீச்சருக்கு முழங்கையில் அறுவை சிகிச்சையாம். நரம்பை எடுத்து இடம் மாற்றி வைப்பார்களாம்.

"ஏன் வந்துச்சுன்னு டாக்டர் ஒண்ணும் சொல்லலையா?"

"புதுசா எதையாவது மாத்தினீங்களான்னு கேட்டாரு. இவ, கிட்டார் மாத்தினேன், ஆனா அது முன்னதைவிட ஒசத்திதான்னு சொல்லிட்டா. அதோட விட்டுட்டாரு."

ஒசத்தி!

சொன்னால் பேர் போகும். அந்த மூன்று பேரும் போவார்கள். சொல்லாவிட்டால் — கத்தி. கத்தி வைத்து, தேறி, மறுபடி அதே கிட்டாரை மாட்டிக்கொண்டு — கடவுளே.

"சாப்பிடுறீங்களா, தட்டைத் துலக்குறீங்களா?" என்றாள் மனைவி. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டை என் முன்னாலிருந்து நகர்த்தி வைத்தாள். பிறகு, "அது அவங்க கைங்க" என்றாள். அவ்வளவுதான்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையிலேயே டீச்சர் வீட்டுக்குப் போனேன். வண்டியை நிறுத்திவிட்டு அரைமணி நேரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு தடவை சாவியைத் திருகினேன், திரும்பிப் போய்விடலாம் என்று. மூன்றாம் மாடி. டீச்சர்தான் கதவைத் திறந்தார்.

வழவழப்பான பட்டையை மாட்டி, கிட்டாரை அவர் தோளில் போடச் சொன்னேன்.

"கையை விடுங்க டீச்சர்."

"விட்டா விழுந்துடுமே அண்ணே."

சாதாரணமாகச் சொன்னார். நான் கொண்டுபோன பட்டைக்கு வேலையே இல்லை. கழுத்து விழுவதை மேடையில் முதல் நாளே கண்டுபிடித்திருக்கிறார். "ஒசந்த கிட்டார்னா கனமாத்தான் இருக்கும், தாங்குற தெம்பு நமக்குத்தான் இல்லைன்னு நெனச்சேன். குழுவுல யார்கிட்டயும் சொல்லலை."

சொன்னேன். கொம்பு, தலைப்பலகை, தோல்பட்டை, எல்லாம். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"கண்ணாடி முன்னாடி நான் நின்னப்பவா?"

தலையாட்டினேன்.

கிட்டாரைக் கழற்றி மேசைமேல் வைத்தார், மெதுவாக, அதற்கு வலிக்குமோ என்பதுபோல. "டாக்டர்கிட்ட பேசணும். நீங்க வெளியில நில்லுங்க சார்."

ஏப்ரல் 11, வெள்ளி

அறுவை இன்று நடக்கவில்லை. ஆறு வாரம் எந்தக் கருவியையும் தொடக்கூடாதாம். அப்புறமும் மரத்திருந்தால் கத்திதான்.

மூன்று பேருக்கும் நானே போன் போட்டு அந்த வடிவம் தோளில் நிற்காது என்று சொன்னேன். இரண்டு பேர் வைத்துவிட்டார்கள். ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு வைத்தார்.

ஏப்ரல் 29, செவ்வாய்

போன் மணி அடித்தாலே டீச்சர் வீட்டிலிருந்தோ என்று ஓடுகிறேன். வங்கியிலிருந்து ஒரு பெண், கடன் வேண்டுமா என்று. நன்றி என்றேன் அவளுக்கு. நாலு தடவை.

மே 27, செவ்வாய்

மைத்துனனுக்குத்தான் சேதி வந்தது, எனக்கு இல்லை. மோதிர விரலில் உணர்ச்சி திரும்பிவிட்டதாம். கத்தி வேண்டாம். சுண்டு விரல் நுனி மட்டும் இன்னும் கட்டை மாதிரியே இருக்கிறதாம். "வரலாம், வராமலும் போகலாம்" என்றாராம் டாக்டர்.

ஜூலை 12, சனி

டீச்சர் வந்தார். கடைக்குள் வராமல் நேரே பட்டறைக்குப் போனார். மைத்துனன் அவருக்காகக் கிட்டாருக்கு வேறு உடல் செய்து வைத்திருந்தான், வெறும் சாம்பல் நிற மரத்தில், கொம்பு நீளமாக. நான் தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம், தந்திப் பெட்டிகளை அடுக்குகிறவன்போல நின்றேன்.

"அழகாத்தான் வரலக்கா."

"கிடா மாதிரி இருக்கு. இருந்துட்டுப் போகட்டும்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு வாசித்தார். ஓரிடத்தில் ஒரு சுரம் நொடி பிந்தியது. நிறுத்தி, மறுபடி வாசித்தார். மறுபடியும் பிந்தியது. மூன்றாவது தடவை சரியாக விழுந்தது. சுண்டு விரல் விழவேண்டிய அந்த இடத்துக்கு மோதிர விரலை நீட்டியிருப்பார்.

"இப்ப சரியா இருக்குக்கா" என்றான் மைத்துனன்.

யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு மட்டும் அந்த இடம் வரும்போதெல்லாம் பிந்திய சுரமே கேட்டது.