ஆறடி பிலிமில் இருந்த உங்கள் பெயர்

சார்,

மகள் கல்லூரி விழாவுக்காக நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருக்கிறாள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கோபம் கிளம்பிவிட்டது. பிலிம் ஒட்டுகிற பசைக்கும் கிட்டத்தட்ட இதே வாடைதான். "என்னப்பா, எதுக்கு இப்படி மொறைக்கிறீங்க? நான் என்ன செய்தேன்?" என்கிறாள். அவளிடம் என்ன சொல்ல? உங்களிடமே சொல்லிவிடுகிறேன்.

நேற்று எங்கள் திருவனந்தபுரத்திலும் உங்களுக்கு இரங்கல் கூட்டம் வைத்தார்கள். மேடையில் எங்கள் பழைய தியேட்டர் மேனேஜர். "அந்தத் தெலுங்கு டைரக்டரை இந்த ஊருக்கு அறிமுகம் செய்ததே நான்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அறிமுகமா? சாலைக்கடைச் சந்தைப் பக்கம் எங்கள் தியேட்டருக்கு உங்கள் படம் மலையாளம் பேசிக்கொண்டு வந்து இறங்கிய அன்று, "தெலுங்குப் பேரைக் கண்டா ஆளு எழும்பிப் போவும்டே, டைரக்டர் பேர் வர்ற கார்டை வெட்டிக் களை" என்றவர் அவர்தானே! படம் ஓட்டும் ஆபரேட்டர் நான்தான் வெட்டினேன். ஆறடி பிலிம். எட்டாம் கிளாஸோடு நின்ற எனக்குத் தெரிந்த ஒரே கலை வெட்டி ஒட்டுவதுதான். தடம் தெரியாமல் செய்தேன் என்று பெருமை வேறு.

மூன்றாம் வாரம், விதுரா மலைப் பக்கம் படப்பிடிப்புக்கு வந்த நீங்கள் டிக்கெட் எடுத்து மேட்னிக்கு உட்கார்ந்தீர்கள். இடைவேளையில் கேபினுக்கு ஏறி வந்தீர்கள். கசங்கிய சட்டையைப் பார்த்து யாரோ என்று நினைத்து, "இங்க பீடி குடிக்கப்பிடாது, கேட்டியா" என்று அதட்டினேன்.

"பீடி இல்லய்யா. என் பேரத் தேடி வந்தேன்."

பழைய பிரிண்ட், அறுந்துபோச்சு என்று புளுகினேன். முதல் ரீலை வாங்கி, ஒட்டின இடத்தை விரலால் தடவினீர்கள். "தானா அறுந்தா இவ்வளவு நேரா அறுந்திருக்காதே. நல்ல கைய்யா உனக்கு" என்று சிரித்தீர்கள். திட்டியிருக்கலாமே சார்! எடிட்டிங் அறையில் ஏழு வருடம் பசை தடவியதையும், பிறகு ஐந்து வருடம் அடுத்தவர் பெயரில் படம் எடுத்துக் கொடுத்ததையும் சொன்னீர்கள். "இதுலதான் மொதமொதல்ல என் பேரு போட்டாங்க. நாளைக்கு ஒட்டிடுவியா?"

"ஓ சார், ஒட்டாம பின்ன?"

அப்போது மகள் பிறந்து நாற்பது நாள். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் மேனேஜரிடம் வாயே திறக்கவில்லை. படம் ஓடி முடிந்து பிரிண்ட் விநியோகஸ்தரிடம் திரும்பிப் போகும்வரை உங்கள் பெயர் இல்லாமலேயே ஓட்டினேன், தினம் நான்கு காட்சி.

அப்புறம் எத்தனை படம் எடுத்தீர்கள்! கடைசி ஏழெட்டு வருடம் யாரும் உங்களைக் கூப்பிடவில்லை என்பதே நேற்றுத்தான் எனக்குத் தெரிந்தது. கூப்பிடாதவர்கள் எல்லாம் மாலையோடு முன்வரிசையில் இருந்தார்கள். பொறுக்க முடியாமல் எழுந்துவிட்டேன். "அவரு பேரை வெட்டச் சொன்னதே நீங்கதானே!"

கூட்டமே திரும்பியது. மேனேஜர் அசரவில்லை.

"சொன்னேன்டே. இல்லைன்னு சொல்லல. அன்னைக்கு அவரு கீழ இறங்கி எங்கிட்ட வந்து, 'உங்க ஆபரேட்டர் நாளைக்கு ஒட்டித் தர்றேன்னாரு, நீங்க தடுக்காதீங்க'ன்னு கையைப் பிடிச்சாரு. எனக்கே நாணமாப் போச்சு. சரின்னேன். பின்ன நீ ஏன்டே ஒட்டல?"

நான் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் புளுகுகிறார் என்று கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் நீங்கள் அப்படித்தான் பேசியிருப்பீர்கள். இத்தனை வருடம் அந்த மனிதர் மேல் ஏற்றி வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டு இறக்குவது, சார்? எனக்காகப் போய்ப் பேசிவிட்டு, நான் ஒட்டிவிடுவேன் என்று நம்பியல்லவா ஊருக்கு வண்டி ஏறினீர்கள்.